தலையணை மேல் வாப்பா

எனக்குக் கலியாணம் இரண்டு தடவை நடந்தது. மாப்பிள்ளை ஒருவர்தான். முதல் தடவை என் வாப்பா ஒரு தலையணையின் மேல் இருந்தார், டேப் ரெக்கோடராக.

சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்குச் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு ஹோலில் கூடியிருந்த ஆம்பிளைகள் ஒருவரும் தொடக்கத்தில் சிரிக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து வாப்பா "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொன்னதும், தொப்பியைச் சரிசெய்துகொண்டு அத்தனை பேரும் "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றார்கள். எங்கள் மார்க்க நீதிபதியான காதியாரும் சொன்னார். திரைச்சீலைக்குப் பின்னால் உடுத்தி இருத்தப்பட்டிருந்த நானும் சொன்னேன். பிறரைச் சொல்லி என்ன?

எண்பதுகளின் தொடக்கம் அது. வாப்பா சவூதியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். கடிதம் எழுதுகிற பழக்கம் எங்கள் வீட்டில் அவ்வளவாக இல்லை. உம்மாவுக்கு எழுத்து வராது, வாப்பாவுக்குப் பொறுமை வராது. ஊரில் சவூதிக்கு ஆள் போன வீடுகளில் எல்லாம் கசட்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பாடும் முடிந்த பிறகு, ஹோலில் பாயை விரித்துப் பெட்டியைச் சுற்றி இருப்போம். உம்மாவின் தம்பி, என் மாமா, சிவப்புப் பொத்தானை அழுத்துவார். உம்மா சலாத்தில் தொடங்கி, ஆடு குட்டி போட்டது, கூரை ஒழுகுவது, அடுத்த வீட்டு வேலிச் சண்டை என்று எல்லாவற்றையும் சொல்லி, அழுகையில் போய் முடிப்பார். அதற்கிடையில் உம்மாவின் தங்கைகளான சாச்சிமாரும் பிள்ளைகளும் ஆளுக்கொரு வார்த்தை சொல்வார்கள். அத்தனை பேர் நடுவில் நான் என்னத்தைச் சொல்ல? "வாப்பா, சுகமா? நான் நல்லாப் படிக்கிறன்." முடிந்தது என் கதை.

மாமா அரிசி ஆலையில் எஞ்சின் பார்த்தவர். மெஷின் என்றால் அவருக்கு உயிர். மனிதருக்கு மறதி உண்டு, கோபம் உண்டு, பொய் உண்டு. மெஷினுக்கு இது ஒன்றும் இல்லை, ஆகவே மெஷின்தான் புத்திசாலி என்பது அவருடைய கட்சி. அந்த டேப் ரெக்கோடர் வாப்பா அனுப்பியது. நாடா முடிந்ததும் யாரும் தொடாமலே 'டக்' என்று பொத்தான் மேலே எழும்பும். அதைக் காணும்போதெல்லாம் மாமாவுக்குக் கண் கலங்காத குறை.

"பாத்தியா புள்ள? ஆரும் சொல்லாம தானா நிண்டிட்டு. இதுக்குப் புத்தி இல்லாட்டி ஆருக்குப் புத்தி?"

"ஒங்கட எருமையும்தான் வயிறு நிரம்பினா தானா நிக்கிது மாமா."

"அதுக்கும் புத்திதானே? ஒனக்குத்தான் இல்ல."

இப்படித்தான் எங்கள் வாதம் போகும். அவர் என்னைச் சீண்டுவதும் நான் அவரைச் சீண்டுவதும் வீட்டில் பழகிப்போன சத்தம். எனக்கு அவர்மேல் பாசம் இருந்தது. ஆனால் எனக்கு மாப்பிள்ளை பார்த்தவரும் அவர்தான்.

மாப்பிள்ளை மருதமுனையில் ஒரு நெசவு வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை. குறை காண அவரை நான் பார்த்திருக்கவும் இல்லை. எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார், ஆகவே நான் வீட்டை விட்டு எங்கும் போகப்போவதில்லை. போகப்போனது வேறொன்று. பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனையான ஏ.எல்.லுக்கு இன்னும் ஒரு வருசம் கிடந்தது. கலியாணம் முடித்த பெண் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவதை அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் கண்டதில்லை. கலியாணம் என்றால் படிப்பு அவ்வளவுதான். இதை யாரும் எனக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

உம்மாவிடம் சொன்னேன். "ஒன்ட வாப்பா சொல்லட்டும்" என்றார். மாமாவிடம் சொன்னேன். "வாக்குக் குடுத்திட்டன் புள்ள. அவங்க மாரிக்கு முந்தி முடிக்கோணும் எண்டுறாங்க. இல்லாட்டி வேற இடம் பாப்பாங்க" என்றார். ஆக, கேட்கவேண்டிய ஆள் கடலுக்கு அப்பால் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார்.

கலியாணப் பேச்சை உம்மா சொல்லியிருந்த அடுத்த கசட்டை மாமா பொதிகட்டி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார். ஒரு மத்தியானம் எல்லோரும் சாவு நடந்த மையத்து வீடொன்றுக்குப் போயிருந்தார்கள். நான் தலைவலி என்று நின்றுவிட்டேன். பொதியை அவிழ்த்து, நாடாவை ஓடவிட்டு, உம்மாவின் அழுகை ஓய்கிற இடத்தைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு கொஞ்சம் வெறும் இடம் கிடந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பெட்டிக்குப் பயப்படுகிறேனா வாப்பாவுக்குப் பயப்படுகிறேனா என்று எனக்கே விளங்கவில்லை.

"வாப்பா, சோதனை முடியட்டும். மறுகா நீங்க ஆரச் சொன்னாலும் எனக்கு ஓம். இதுக்கு ஓமா இல்லையா எண்டு மட்டும் சொல்லுங்க வாப்பா."

மாவடிப்பள்ளிக்காரர் ஒருவர் லீவு முடிந்து சவூதிக்குப் போகும்போது அந்தக் கசட்டைக் கொண்டுபோனார்.

பதில் வந்த அன்று நான் சோறு தின்னவில்லை. ஹோலில் பாய் விரிந்தது, பெட்டி கதைத்தது. வாப்பா ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். ஆட்டுக்குட்டிக்குக்கூடப் பதில் வந்தது, அதை ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு வளர்க்கச் சொன்னார். எனக்கு, "நல்லாப் படி மகள்." அவ்வளவுதான். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. கேட்டுவிட்டுச் சொல்லாமல் விட்டாரா, கேட்கவே இல்லையா? மீன்முள் தொண்டையில் நின்ற மாதிரி அந்தக் கேள்வி எனக்குள் நின்றது. வெளியே எடுக்கவும் முடியவில்லை.

கசட்டின் மறுபக்கம் கலியாணத்துக்கென்று பேசப்பட்டிருந்தது. முதலாளி பாஸ்போட்டைத் தரவில்லை, வர வழியில்லை என்று வாப்பா சொன்னார். "எண்டாலும் என்ட மகளை என்ட வாயாலதான் குடுப்பன்" என்றார். பெண்ணைக் கொடுக்கிற உரிமை உள்ள ஆளை நாங்கள் வலி என்போம். எனக்கு வாப்பாதான் வலி. அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லவேண்டியதை எல்லாம் முறைப்படி சொல்லியிருந்தார். பள்ளிவாசல் லெப்பை கேள்வி கேட்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் இடம் விட்டு, "ஓம், மனப்பூர்வமாச் சம்மதம்" என்றிருந்தார். மாப்பிள்ளை ஏற்றுக்கொள்ளவேண்டிய இடத்திலும் இடம் விட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றிருந்தார்.

மாமா துள்ளிக் குதித்தார். "கடிதம் ஊமை. இது பேசும், கேக்கும், பதில் சொல்லும். மச்சான் வந்த மாதிரித்தான்."

கலியாணத்தன்று அஸர் தொழுகை முடிந்து மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. ஹோலில் வெள்ளைவிரிப்பு, நடுவில் உம்மா உறை தைத்த தலையணை, அதன் மேல் பெட்டி. கிடக்கிறது கிடக்கட்டும் கிழவியைத் தூக்கி மணையில் வை என்பார்களே, அதுதான். திரைச்சீலை ஓரத்தால் எனக்கு எல்லாம் தெரிந்தது. மாப்பிள்ளையை முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியாக, பெட்டிக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்.

"மாப்பிள்ள, கையப் பெட்டிக்கு மேல வைங்க" என்றார் மாமா. "மச்சான்ட கையெண்டு நினைச்சிக்குங்க."

மாப்பிள்ளை வைத்தார். உடனே எடுத்தார். "சூடாக் கிடக்கே" என்றார்.

நிக்காஹ் செய்துவைக்க வந்த லெப்பை வயதானவர், வெடுக்கென்று பேசுகிறவர். அவர் கேள்வியைக் கேட்க, பெட்டி "ஓம், மனப்பூர்வமாச் சம்மதம்" என்றது. உள்ளே பெண்கள் விம்மினார்கள். என் உம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லெப்பை மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு பெட்டியையே பார்த்தார்.

"இதக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்புங்க" என்றார். "இன்னொருக்காக் கேக்கோணும்."

மாமா பெருமையோடு திருப்பினார். லெப்பை வெளியே வளவுப் பக்கம் கையை நீட்டினார். அங்கே மறுநாள் விருந்துக்கென்று ஒரு கடா கட்டிக் கிடந்தது.

"ஒங்கட மகளை அந்தா நிக்கிற கடாவுக்கு நிக்காஹ் செய்து தரச் சம்மதமா?"

"ஓம், மனப்பூர்வமாச் சம்மதம்" என்றார் வாப்பா.

சபை வெடித்தது. காதியார் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வெள்ளைவிரிப்பில் தெறித்தது. உள்ளே என் சாச்சி ஒருத்தி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாப்பாவின் குரல் அது. அதை வைத்துச் சிரிக்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது.

மாமா விடவில்லை. "பகிடிக்குக் கேட்டா எப்பிடி லெப்பை? மச்சான் சொன்னது மாப்பிள்ளைக்குத்தானே?"

"ஓம், மச்சான் சொன்னார். மச்சானுக்குத் தெரியும். இதுக்குத் தெரியுமா?"

"குரல் அவர்ட குரல்தானே?"

"குரல் அவர்ட. கேக்கிற காது இதுல இல்லையே."

"முடிஞ்சா முடிஞ்சதெண்டு விளங்கித் தானா நிக்கிது லெப்பை!"

"நிக்கத் தெரியும். என்னத்துக்கு நிக்கிறமெண்டு தெரியுமா? விளங்கினவன் எண்டா, 'என்ன லெப்பை, கடாவுக்கா?' எண்டு திருப்பிக் கேப்பான். உங்கட மச்சான் இஞ்ச இருந்திருந்தா எனக்கு அறஞ்சிருப்பார்."

மாமா பெட்டியைப் பார்த்தார். அவருடைய முகம் விழுந்துபோனதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

காதியார் வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். வலி தூரதேசத்தில் இருந்தால் அந்த இடத்தில் காதி நிற்கலாம். தானே நிற்பதாகச் சொன்னார். "ஆனா தகப்பன் இல்லாம நான் குடுக்கிறதெண்டா, புள்ளைட சம்மதத்தக் கட்டாயம் கேக்கோணும்" என்றார்.

இதுதான் இடம். வாப்பாவின் சொல் செல்லுபடியாகியிருந்தால் என்னைக் கேட்பது ஒரு மரியாதைக்குத்தான். அது செல்லாமல் போனதால் என் சொல் தேவைப்பட்டது. மெஷினுக்குப் புத்தி இல்லாமல் போன நேரத்தில்தான் எனக்கு வாய் வந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வாய் வந்தது என்றேனே, அதுவும் அரைகுறைதான். கன்னிப் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். வெட்கப்படுகிற பெண்ணுக்கு மார்க்கம் காட்டிய இரக்கம் அது. எங்கள் வீட்டுக்கு அது பெரிய வசதி. லெப்பையும் இரண்டு சாட்சிகளும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதும், உம்மா என் காதுக்குள் சொன்னார்: "வாய மூடிக்கு இரி மகள். அது போதும்." பெட்டி ஓம் ஓம் என்று சொல்லியும் நம்பாத சபை, நான் ஒன்றும் சொல்லாமலே என்னை நம்பத் தயாராக இருந்தது.

லெப்பை கேட்டார். அறைக்குள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். திருப்பிக் கேட்பான், திருப்பிக் கேட்பான் என்று லெப்பை சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது.

"வாப்பா நான் அனுப்பின கசட்டக் கடைசி வரைக்கும் கேட்டாரா?" என்றேன்.

"யா அல்லாஹ்!" என்று உம்மா நெஞ்சில் கைவைத்தார்.

"என்ன கசட்டு புள்ள?" லெப்பையின் குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

சொன்னேன். சோதனையைச் சொன்னேன், மையத்து வீட்டுக்குப் போகாமல் நின்றதைச் சொன்னேன், பதில் வராததையும் சொன்னேன்.

"இது சம்மதமுமில்ல, மறுப்புமில்ல" என்றார் லெப்பை, சபைக்குக் கேட்கும்படியாக. "கேள்வி. தகப்பனுக்கிட்ட கேட்ட கேள்வி. அதுக்குப் பதில் வராம நான் நிக்காஹ் செய்யமாட்டன்."

மாமா, "ஊர் சிரிக்கப்போகுது" என்று தலையில் கைவைத்தார். மாப்பிள்ளை வீட்டாரில் இரண்டுபேர் எழும்பிவிட்டார்கள். அப்போதுதான் அந்த ஒல்லி மனிதர் வாய் திறந்தார்.

"பதில் வரட்டும். சோதனை எடுக்கிறது நல்லதுதானே? நான் படிப்பிக்கிற ஆள். கூடாதெண்டு எப்பிடிச் சொல்லுற?"

அந்த நிமிசம் அவரை எனக்குப் பிடித்துப்போனது. இதை அவருக்கு நான் வெகுகாலம் சொல்லவில்லை, தலைக்கனம் பிடித்துவிடும் என்று.

சோறு வீண்போகவில்லை. எங்கள் ஊரில் கலியாணம் நின்றாலும் சஹன் நிற்காது. பெரிய தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராக இருந்து இறைச்சியும் சோறும் தின்று, வட்டிலப்பமும் தின்று, துஆ ஓதிவிட்டு, பிறகுதான் எங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கடாவுக்குப் பேசின பெண் என்று எனக்குப் பேர் வந்தது. உம்மா என்னோடு கதைப்பதை விட்டார். சோற்றைப் போட்டு முன்னால் வைப்பார், அவ்வளவுதான். மாமா நடந்ததை எல்லாம் ஒரு கசட் முழுக்கப் பேசி வாப்பாவுக்கு அனுப்பினார். பெட்டியையும் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பதில் வரும்வரை போகலாம் என்று நானே முடிவெடுத்துக்கொண்டேன்.

மாரி தொடங்கின பிறகு அந்த மாவடிப்பள்ளிக்காரர் லீவில் வந்தார். மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு கசட்டை எடுத்தார். உம்மா கையை நீட்ட, "இல்ல, மகள்ட கையிலதான் குடுக்கச் சொன்னார்" என்றார்.

மாமா வீட்டுக்குப் போனேன். அவர் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அழுத்தத் தெரியும்தானே? அதான் தெரியுமே ஒனக்கு" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வாப்பா இந்தத் தடவை வேறு யாருக்கும் சலாம் சொல்லவில்லை.

"மகள், ஒன்ட கதைய இப்பத்தான் கேட்டன். உம்மா அழத் தொடங்கினா நான் நிப்பாட்டிப்போடுவன். அதுக்கு அங்கால கேக்க என்னால ஏலாது. ஒவ்வொரு கசட்டும் அப்பிடித்தான். மாமா சொன்ன பொறகுதான் பழசத் தேடி எடுத்து முழுக்க ஓடவிட்டன்." தொண்டையைச் செருமினார். "நான் ஒன்னக் கேக்கவே இல்ல மகள். இப்பக் கேக்கன். நீ என்ன செய்யப்போறாய்? சொல்லு."

பிறகு சத்தமில்லை. எனக்கென்று இடம் விட்டிருந்தார். தூரத்தில் ஒரு லொறி போகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"சோதனை எடுக்கப்போறன் வாப்பா" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன், ஆளில்லாத அறையில், ஒரு பெட்டிக்கு.

"சரி மகள். அப்பிடியே செய்வம்" என்றார் வாப்பா.

நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பிறகு, லெப்பை செய்த மாதிரி, நாடாவைப் பின்னுக்குத் திருப்பினேன். நீ என்ன செய்யப்போறாய், சொல்லு. லொறி போனது.

"கடாவுக்குத்தான் வாழ்க்கைப்படப்போறன் வாப்பா."

"சரி மகள். அப்பிடியே செய்வம்."

சிரித்தேன். லெப்பை இருந்திருந்தால், பாத்தியா புள்ள, காது இல்ல எண்டு சொன்னனே என்றிருப்பார். உண்மைதான், காது இல்லை. ஆனால் நான் என்னத்தைச் சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே, எதைச் சொன்னாலும் சரி என்று முந்தியே சொல்லிவைத்த மனிதர் எனக்கு ஒருவர் இருந்தார். அவரை நினைக்க நெஞ்சு நிறைந்தது. இன்னொரு தடவை திருப்பினேன்.

"எனக்கு ஒண்டும் வேணாம். நீங்க வாங்க வாப்பா."

"சரி மகள். அப்பிடியே செய்வம்."

அதற்குமேல் திருப்ப எனக்குத் தைரியம் இல்லை. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் நன்றாக அழுதேன்.

சோதனை எழுதினேன். வாப்பா அதற்கும் பிறகுதான் வந்தார், தலை நரைத்து, நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன உருவமாக. அதே ஹோல், அதே லெப்பை, அதே ஒல்லி மாப்பிள்ளை. வாப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். லெப்பை, மகளைத் தரச் சம்மதமா என்று கேட்டார். வாப்பாவுக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார், கண்ணைத் துடைத்தார், திரைச்சீலைப் பக்கம் பார்த்தார்.

"கசட்டப் போடவா மச்சான்?" என்றார் மாமா, பின்னாலிருந்து.

சபை முழுக்கச் சிரித்தது. உள்ளே உம்மாவும் சிரித்தார். லெப்பை சிரிக்கவில்லை. அவசரமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, வாப்பா வாய் திறக்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்தார்.